நெடிய வாடையும் நல்ல வாடையும்

பெங்களூரு பசவனகுடிப் பகுதியில் வாரந்தோறும் கூடும் சிறியதொரு படிப்பு வட்டத்திற்கு ஓர் அம்மையார் தவறாமல் வந்துகொண்டிருந்தார். எழுபதைக் கடந்த வயது. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள ஒரு கிராமம் அவரது ஊர். கணவர் காலமான பின் மகனோடும் மருமகளோடும் வாழ்வதற்காகப் பெங்களூரு வந்தவர். ஒருமுறை ஆடியின் பிற்பகுதியிலிருந்து மூன்று வாரங்கள் அவரைக் காணவில்லை. ஆவணி முதல் வாரம் கழிந்தபின் வந்தார். கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வழக்கமாக அமரும் முன்வரிசையை விட்டு, சுவரோரமாக உட்கார்ந்தார்.

“உடம்பு சௌக்கியந்தானே அம்மா?” என்று கேட்டோம்.

“உடம்புக்கு ஒன்றுமில்லை ஐயா. வெயிலைக் கண்டு பதினெட்டு நாளாகிறது. விடிந்ததா, பொழுது சாய்ந்ததா என்றே தெரியவில்லை. ஜபமாலையை எடுத்தால் விரல் நகரவில்லை. ஐம்பது வருஷமாகச் செய்கிற ஜபம். ஒரு மழைக்கு அது கரைந்து போகுமென்றால் இத்தனை காலம் நான் செய்ததுதான் என்ன?”

அருகிலிருந்த இளைஞர் ஒருவர் பணிவோடு, “குளிரும் வெப்பமும் வந்து போகிறவை, பொறுத்துக்கொள் என்று கீதையில் பகவான் சொல்லியிருக்கிறாரே பாட்டி” என்றார்.

“அது எனக்கும் தெரியும் தம்பி. பொறுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை என்கிறேன்.”

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்த அம்மையார் கேட்டது விடைக்குரிய கேள்வி. விடை தெரிந்திருந்தும் அதன்படி நிற்க இயலாதபோது என்ன செய்வது? வானம் இருண்டால் மனமும் இருளுமாயின் அது சாதனையின் குறைவா? இவ்விரண்டையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஊரின் இயல்பு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த மேட்டுநிலம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் இவ்வூரைத் தொடுகின்றன. மே மாதக் கோடை மழையில் தொடங்கினால் நவம்பர் வரை ஏதேனும் ஒரு மேகம் இதன்மேல் நின்றுகொண்டே இருக்கும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை அளந்தால் சென்னையைவிடப் பெங்களூருவில் குறைவுதான். சென்னைக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ.; பெங்களூருவுக்கு 1,000 மி.மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆயினும் சென்னையில் மழையின் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெங்களூருவிலோ அது பல மாதங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பெரிய மழை பெய்யாத நாட்களிலும் சாம்பல் நிற மேகம் கலையாமல் நிற்கும். தூறலும் நசநசப்பும் தொடரும். துவைத்த துணி இரண்டு நாளாகியும் உலராது.

ஆகவே இவ்வூரில் மனத்தை வாட்டுவது மழையின் அளவைக் காட்டிலும் வெளிச்சமின்மையே எனலாம். தஞ்சைச் சமவெளியில் வளர்ந்த ஒருவருக்கு இது எளிதில் பழகுவதில்லை. அங்கே ஆடிக்காற்று எவ்வளவு அடித்தாலும் வெயில் வெயில்தான்.

உடல் சொல்லும் செய்தி

சமயநூல் கற்பவர்கள் சில நேரங்களில் ஒரு பிழை செய்கிறோம். மனத்தின் எல்லாத் தளர்ச்சியையும் ஆன்மிகத் தளர்ச்சி என்று கணக்கெழுதிவிடுகிறோம். ஆனால் மனம் உடலோடு பிணைந்த கருவி. உடலோ ஒளியோடு பிணைந்தது.

கண்ணின் வேலை காண்பது மட்டுமன்று. விழித்திரையில் உள்ள ஒருவகை உயிரணுக்கள் சுற்றுப்புற ஒளியின் அளவை உணர்ந்து, மூளைக்குள் இருக்கும் நாழிகைக் கடிகாரத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. காலையில் போதிய ஒளி கிடைத்தால் அக்கடிகாரம் சரியாக ஓடும். உறக்கத்தைக் கொணரும் மெலட்டோனின் என்னும் சுரப்பு பகலில் அடங்கியும் இரவில் எழுந்தும் முறைப்படும். ஒளி குறைந்தால் முறை பிறழும். உறக்கம் நீளும், ஆனால் தெளிவு தராது. உற்சாகம் குன்றும்.

1984 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவரது குழுவினரும் குளிர்காலந்தோறும் திரும்பத் திரும்ப வரும் ஒருவகை மனச்சோர்வை விவரித்து, அதற்குப் பருவகால மனச்சோர்வு என்னும் பொருள்படப் பெயரிட்டனர். பிரகாசமான ஒளியே அதற்கு மருந்தாகப் பயன்படுவதையும் காட்டினர். லண்டன் போன்ற நகரங்களில் கோடையில் பகல் 16 மணி நேரத்திற்கு மேல் நீள்கிறது. குளிர்காலத்தில் 8 மணி நேரத்திற்கும் குறைந்துவிடுகிறது. பெங்களூருவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரந்தான். எனவே அந்நாடுகளின் நோயை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிடக் கூடாது. இங்கே பகல் சுருங்குவதில்லை, மூடப்படுகிறது. கோடை வெப்பத்தில் சோர்வடைந்து குளிர்காலத்தில் மலர்பவர்களும் உண்டு என்பதை அதே ஆய்வாளர்கள் சில ஆண்டுகளில் கண்டறிந்தனர். ஒருவருக்கு ஏங்கவைக்கும் வெயில் மற்றொருவரை வாட்டுகிறது.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. வீட்டினுள் விளக்கேற்றி அமர்ந்தால் நம் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளி ஒரு சில நூறு லக்ஸ் அளவே. மேகம் மூடிய பகலில்கூட வெளியிலோ மொட்டைமாடியிலோ நின்றால் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ‘வெயில் இல்லை’ என்று சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே அடங்குபவர், இருக்கின்ற ஒளியையும் இழக்கிறார். மேகம் பறித்ததைவிட நாமாகத் தள்ளிவைத்தது அதிகம்.

ஆகவே அந்த அம்மையாருக்கு முதலில் கூறியது இதுதான்: “உங்கள் ஜபம் கரையவில்லை அம்மா. உங்கள் உடம்பு வெளிச்சம் கேட்கிறது. அதைப் பாவம் என்று எண்ணாதீர்கள்.”

ஒரே ஆண்டில் இரு வேண்டுதல்கள்

உடலின் பங்கை ஒப்புக்கொண்ட பிறகு மனத்தின் பங்கைப் பார்க்கலாம். இதற்குப் பெங்களூருவே 2024 ஆம் ஆண்டில் ஒரு பாடம் நடத்தியது.

முந்திய ஆண்டின் மழை பொய்த்ததனால் 2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நகரம் நீரின்றித் தவித்தது. நகரிலுள்ள ஏறக்குறைய 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக அரசு கூறியது. குடிநீரால் வண்டி கழுவுவதும் தோட்டத்திற்குப் பாய்ச்சுவதும் தடை செய்யப்பட்டன. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். ஏப்ரல் மாதம் முழுவதும் நகர வானிலை நிலையத்தில் ஒரு துளி மழையும் பதிவாகவில்லை. 1983 ஆம் ஆண்டிற்குப் பிறகு அப்படியொரு ஏப்ரல் வந்ததில்லை. ஏப்ரல் 28 ஆம் நாள் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஊரெங்கும் ஒரே ஏக்கம்: ஒரு மேகம் வாராதா?

ஜூன் 2 ஆம் நாள் மேகம் வந்தது. ஒரே நாளில் 111.1 மி.மீ. மழை. ஜூன் மாதத்தில் ஒருநாள் மழைக்கு 1891 ஆம் ஆண்டிலிருந்து நின்ற சாதனை 133 ஆண்டுகளுக்குப்பின் முறிந்தது. மரங்கள் சாய்ந்தன; தெருக்கள் மூழ்கின. அக்டோபரில் மீண்டும் பெருமழை. எலகங்கா பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுற்றி வெள்ளம் நின்று, மக்களைப் படகுகளில் வெளியேற்ற நேர்ந்தது. அக்டோபர் 22 ஆம் நாள் பாபுசாபாளையாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கட்டடம் இடிந்து, பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அப்போது ஊரெங்கும் வேறோர் ஏக்கம்: ஒரு வெயில் வாராதா?

ஏப்ரலில் மேகத்தைத் தேடி அண்ணாந்த அதே கண்கள் அக்டோபரில் வெயிலைத் தேடி அண்ணாந்தன. இடையில் கழிந்தது ஆறு மாதம். இதைப் பார்த்து மக்களை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. தாகமும் உண்மை, வெள்ளமும் உண்மை. ஆனால் நம் ஏக்கத்தின் இயல்பை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். ஏக்கம் எப்போதும் இல்லாததை நோக்கியே முகம் திருப்பி நிற்கிறது. வெயில் வந்தவுடன் அது நிறைவடைந்து அமர்ந்துவிடும் என்று எண்ணுகிறோம். அது அடுத்த பருவத்திற்கு இடம் பெயர்கிறது. ‘வெயில் வந்தால் ஜபம் செய்வேன்’ என்பவர், வெயில் வந்ததும் ‘சற்றுக் குளிர்ந்தால் செய்வேன்’ என்று கூறக்கூடும். சாதனைக்கு ஏற்ற வானிலை என்று ஒன்றைத் தனியே வைத்தால் அந்நாள் பஞ்சாங்கத்தில் வருவதேயில்லை.

பழந்தமிழர் கண்ட வாடை

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்; பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தைத் தொடங்கும்போது திங்களையும் ஞாயிற்றையும் போற்றிய கையோடு மழையையும் போற்றுகிறார். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைக்கிறார். ஒளியும் மழையும் ஒன்றற்கொன்று பகையாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதே நேரத்தில் மழைக்காலத்தின் துன்பத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, நக்கீரர் இயற்றியது. 188 அடிகள் கொண்டது. பல நாள் பெய்த மழையினால் ஆயர்கள் தம் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு மேட்டுநிலம் தேடுவதையும், நெருப்பைச் சுற்றி நின்று நடுங்குவதையும், விலங்குகள் மேய்ச்சலை மறப்பதையும், பறவைகள் கிளையிலிருந்து விழுவதையும் அது காட்டுகிறது.

அப்பாட்டில் ஓர் இடம் நம் பாடத்திற்கு மிகவும் வேண்டுவது. கதிரவன் தெரியாத அந்நாட்களில் பொழுது எப்போது சாய்ந்தது என்பதை ஊர்ப் பெண்கள் எப்படி அறிகிறார்கள்? கூடையில் பறித்து வைத்த பித்திகை அரும்புகள் இதழ் விரித்து மணம் கமழும்போது, மாலை வந்துவிட்டது என்று உணர்கிறார்கள். உடனே இரும்பு விளக்கில் திரியேற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். சூரியன் காட்டாத நேரத்தை ஒரு மொட்டு காட்டுகிறது. வழிபாடு தவறவில்லை.

பாட்டின் பிற்பகுதியில் இரு காட்சிகள் வருகின்றன. அரண்மனையில் அரசி, கணவனைப் பிரிந்து, உயர்ந்த கட்டிலில் உறக்கமின்றிக் கண்ணீரோடு இருக்கிறாள். பாசறையில் அரசன், நள்ளிரவில், தூறலையும் வாடையையும் பொருட்படுத்தாமல், புண்பட்ட வீரர்களைக் காண வெளியே வருகிறான். வேல் ஏந்திய ஒருவன் முன்சென்று ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் அவர்களுக்கு ஆறுதல் அளிக்கிறான். நூலின் பெயருக்கு உரையாசிரியர்கள் கூறும் விளக்கம் ஆழ்ந்து எண்ணத்தக்கது: அந்த வாடை அரசிக்கு நெடிய வாடை, அரசனுக்கு நல்ல வாடை. வீசியது ஒரே காற்று.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, புலவர் அரசியைக் குறை கூறவில்லை. ‘இவள் மனவுறுதி இல்லாதவள்’ என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுடைய துயர் தீர வேண்டும் என்று கொற்றவையை வேண்டுவதாகவே பாட்டு செல்கிறது. இரண்டாவது, அரசனுக்குக் குளிர் குறைவாக இருந்தது என்றும் அவர் கூறவில்லை. அதே தூறல் அவன்மேலும் விழுகிறது. வேறுபாடு ஒன்றே: அவன் அந்த இரவில் பிறருடைய புண்களை நோக்கி நடக்கிறான். நடப்பவனுக்கு இரவின் நீளம் தெரிவதில்லை.

பொறுமை எது, பொறுமை அல்லாதது எது?

சாதகனுக்குரிய ஆறு செல்வங்களுள் ஒன்றாகத் திதிக்ஷையை வேதாந்த நூல்கள் வைக்கின்றன. குளிர், வெப்பம் முதலிய இரட்டைகளைப் புலம்பலும் கவலையுமின்றித் தாங்குதல் என்று அதனை விளக்குவர். கீதையின் இரண்டாம் அத்தியாயத்துப் பதினான்காம் சுலோகத்தில் இக்கருத்து வருகிறது. அது குகையில் தனித்திருக்கும் துறவிக்குச் சொல்லப்பட்டது அன்று; கடமையின் நடுவே தளர்ந்து உட்கார்ந்த ஓர் இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டது. தாங்கிக்கொண்டு சும்மா இரு என்பது அதன் கருத்தன்று. தாங்கிக்கொண்டு எழு என்பதே கருத்து.

இதில் தவறான புரிதல் எளிதில் நுழைகிறது. கூரை ஒழுகினால் அடைக்க வேண்டும். அதைத் திதிக்ஷை என்று தாங்கிக்கொண்டிருப்பது சோம்பல். வடிகாலை அடைத்து ஏரியைத் தூர்த்து வீடு கட்டிவிட்டு, வெள்ளம் வந்தபின் இயற்கையைப் பழிப்பது அறியாமை. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பகுதியும் மூழ்கி, அலுவலகம் செல்வோர் டிராக்டர்களில் ஏறிச் செல்ல நேர்ந்தபோது வானம் பெய்தது பாதி என்றால், நீர் போகும் வழியை மனிதர் மறித்தது மீதி. மாற்றக்கூடியதை மாற்றுவது கடமை. மாற்ற இயலாததைப் புலம்பாமல் தாங்குவது திதிக்ஷை. மேகத்தை நம்மால் நகர்த்த முடியாது. சாக்கடையைத் தூர்வார முடியும்.

இதே அளவுகோலை மனச்சோர்விற்கும் வைக்க வேண்டும். இரண்டு நாள் மந்தமாக இருப்பது வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாள் முழுவதும் மனம் கவிழ்ந்திருத்தல், எதிலும் விருப்பமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தன்னைத் தானே பழித்தல், வாழ்ந்து பயனில்லை என்னும் எண்ணம் ஆகியவை தோன்றினால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய். ஜபத்தால் மட்டும் அதைத் தீர்ப்பேன் என்று மறைத்து வைப்பது, எலும்பு முறிந்த காலோடு பிரதட்சணம் செய்வதற்கு ஒப்பாகும். பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இத்துறையில் நாட்டின் முதன்மையான நிலையங்களுள் ஒன்று. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அழைக்கலாம். உதவி கேட்பதில் நாணம் வேண்டியதில்லை.

மேகத்திற்கு மேலே

ஆகஸ்டு 18 ஆம் நாளைப் பற்றிப் பெங்களூருவில் வாழும் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. ஆண்டில் இருமுறை நண்பகலில் கதிரவன் இவ்வூருக்கு மிகச் சரியாகத் தலைக்கு மேலே வருகிறான். ஒருமுறை ஏப்ரல் 24-ஐ ஒட்டி. மறுமுறை ஆகஸ்டு 18-ஐ ஒட்டி. அந்நேரத்தில் செங்குத்தாக நட்ட கம்பிற்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. ஏப்ரலில் அதனை எல்லோரும் உணர்கிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆகஸ்டில் அதே கதிரவன் அதே உச்சியில் நிற்கிறான். பெரும்பாலும் யாரும் காண்பதில்லை, நடுவில் மேகம்.

அந்த அம்மையார் வெயிலைக் காணாமல் எண்ணிய பதினெட்டு நாட்களுக்குள் இந்நாளும் அடங்கியிருந்தது. கதிரவன் தம்மை விட்டு எங்கோ போய்விட்டான் என்று அவர் வருந்திய வேளையில் அவன் அவர் வீட்டு மாடிக்கு நேர்மேலே நின்றான். மேகம் மறைத்தது காண்பவரின் கண்ணையே, கதிரவனை அன்று. வேதாந்த ஆசிரியர்கள் தொன்றுதொட்டு எடுத்தாளும் உவமை இது. உவமையாகக் கேட்டபோது பழகிப்போன ஒன்று, நாட்காட்டியில் தேதியோடு பார்க்கும்போது புதிதாகிறது.

பசவனகுடிக்கு அருகில் கவிபுரத்தில் கவி கங்காதரேசுவரர் குகைக்கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் மகர சங்கராந்தி மாலையில் கதிரவனின் ஒளி நந்தியின் கொம்புகளிடையே புகுந்து சிவலிங்கத்தின்மேல் விழும். அதைக் காண மக்கள் திரள்வர். 2021 ஆம் ஆண்டில் அந்நேரம் மேகம் மறைத்தது. ஒளி லிங்கத்தைத் தொடவில்லை. வந்தவர்களுக்கு வருத்தமே. ஆனால் ஒளி வாராமையால் அன்றைய வழிபாடு நின்றுவிடவில்லை. குகைக்குள் எண்ணெய் விளக்கு எப்போதும்போல் எரிந்தது.

நீர் போகும் வழி

பசவனகுடி மேட்டில் பெய்யும் மழை எங்கே போகிறது? அங்குள்ள பெரிய நந்தியின் காலடியில் பிறப்பதாக மரபு கூறும் விருஷபாவதி ஆற்றில் சேர்கிறது. விருஷபாவதி அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி சங்கமம் என்னும் இடத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரி மேட்டூர் வழியாகத் தஞ்சைக்கு வருகிறது. நகரின் கிழக்குப் பகுதியில் பெய்யும் மழையோ பெல்லந்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்கிறது. இன்று விருஷபாவதி நகரின் கழிவைச் சுமக்கும் நிலையில் இருப்பது நம் தலைமுறையின் குற்றம், மழையின் குற்றமன்று. குடகு மலையில் பெய்வதும் இதே தென்மேற்குப் பருவமழையே. பெங்களூருவின் குழாய்களில் வரும் காவிரி நீர் ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவிலிருந்து மேடேற்றிக் கொணரப்படுவது. ஆடிப்பெருக்கன்று டெல்டாவில் தாய்மார் வணங்கும் புதுப்புனலும் அதே குடகு மழைதான்.

இதனைக் கூறியபோது அந்த அம்மையார் தலைநிமிர்ந்தார். “அப்படியானால் என் வீட்டு மாடியில் விழுவது எங்கள் ஊருக்கா போகிறது?” என்று கேட்டார். சற்று நேரம் கழித்துத் தாமே தொடர்ந்தார்: “ஐயா, உண்மையைச் சொல்கிறேன். நான் தேடுவது வெயிலைக்கூட அல்ல. காலையில் அவர் திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டு பேப்பர் படிப்பார். நான் காபியைக் கொண்டுபோய் வைப்பேன். வெயில் அடித்தால் அது நினைவுக்கு வரும். மூட்டம் போட்டால் அதுவும் வருவதில்லை.”

இதற்கு நாம் மறுமொழி எதுவும் கூறவில்லை. கூறத்தக்கதாகவும் ஒன்றுமில்லை. பல நேரங்களில் பருவத்தைப் பற்றிய ஏக்கத்தின் அடியில் ஒரு மனிதரைப் பற்றிய ஏக்கம் இருக்கிறது. அதை அடையாளம் கண்டு பெயரிட்டுச் சொல்வதே பாதி ஆறுதல். சாதனை துக்கத்தைத் துடைத்தெறியும் துணியன்று. துக்கத்தோடு அமர்வதற்கு ஓர் ஆசனம்.

இம்மாதப் பயிற்சி

மழைக்காலத்தை நம் மரபு வீண்காலமாகக் கருதியதில்லை. மழை மாதங்களில் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்காதிருக்கும் பொருட்டுப் பௌத்த பிக்குகள் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கினர். சமண முனிவர்களுக்கும் இந்துத் துறவிகளுக்கும் சாதுர்மாஸ்ய விரதம் உண்டு. ஊர் ஊராய் நடந்தவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து கற்றதும் கற்பித்ததும் இம்மாதங்களில்தான். நாமும் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. விடிந்து ஒரு மணி நேரத்திற்குள், மேகமிருந்தாலும் தூறினாலும், குடையோடு அரைமணி நேரமாவது வெளியில் அல்லது மாடியில் நிற்றல், நடத்தல். வழுக்கும் இடங்களில் முதியோர் துணையோடு செல்க.

2. ஜபத்திற்கும் விளக்கேற்றுவதற்கும் கடிகார நேரத்தைக் குறித்துக்கொள்ளல். மனம் விரும்பும்வரை காத்திராமல் நேரம் வந்ததும் அமர்தல். நூற்றெட்டு இயலாவிடில் பத்து; பத்தும் இயலாவிடில் மாலையைக் கையில் வைத்துச் சும்மா அமர்தல். அதுவும் கணக்கில் சேரும்.

3. வாரத்திற்கு ஒருமுறையேனும் மழையால் நம்மைவிட அதிகம் துன்புறும் ஒருவரை நினைத்து ஒரு செயல் செய்தல். தெருவில் பூ விற்பவர், அன்றாடக் கூலிக்குக் கட்டடவேலை செய்பவர், இருசக்கர வண்டியில் உணவு கொண்டுவருபவர் ஆகியோருக்கு ஒரு மழைநாள் என்பது ஒரு நாள் கூலி. ஒரு போர்வையோ, ஒரு குவளைச் சூடான காபியோ போதும்.

4. ‘வெயில் இல்லை’ என்று வாயால் சொல்வதை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தல். மேகத்தை மேகம் என்று மட்டும் சொல்லுதல்.

5. சோர்வு இரண்டு வாரங்களைக் கடந்தால் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் கூறுதல். வீட்டிலுள்ள இளையோர், முதியோர் கூறுமுன்னரே கேட்டறிதல்.

அந்த அம்மையாரை மகன் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சில பரிசோதனைகள் நடந்தன; உறக்கத்திற்கும் உணவிற்கும் சில மாற்றங்கள் கூறப்பட்டன. மருமகள் மாடியில் ஒரு மல்லிகைத் தொட்டி வைத்தாள். மாலையில் அரும்பு விரிந்ததும் பாட்டி விளக்கேற்றுவதாகப் பேத்தி கூறினாள். புரட்டாசி இரண்டாம் வாரம் அவர் மீண்டும் முன்வரிசையில் அமர்ந்தார். வெளியே நல்ல மழை. கையிலிருந்த தூக்குப் பாத்திரத்தில் கட்டடவேலை செய்யும் பெண்களுக்காகச் சுக்குக் காபி கொண்டுவந்திருந்தார். வழியில் கொடுத்தது போக மீதி.

“வெயில் வந்ததா அம்மா?” என்று கேட்டோம்.

“இன்னும் வரவில்லை ஐயா. நான் வந்துவிட்டேன். பாடத்தைத் தொடங்குங்கள்” என்றார்.

சிந்தனைக்கு

‘இது மட்டும் மாறினால் சாதனையைத் தொடங்குவேன்’ என்று நாம் ஒத்திவைத்துள்ளது எது?

நம் துன்பங்களுள் மாற்றக்கூடியது எது, தாங்க வேண்டியது எது? இரண்டையும் தனித்தனியே எழுதிப் பார்த்ததுண்டா?

நம் வீட்டில் இன்று நெடிய வாடையில் இருப்பவர் யார்? அவரிடம் கடைசியாக எப்போது அமர்ந்து பேசினோம்?